உச்சி மூடாத குவிமாடம்

முதலில் சாப்பிடு. இந்தக் காகிதத்தை சாப்பாட்டு டப்பாவுக்கும் அதைச் சுற்றிய துண்டுக்கும் நடுவில் மடித்து வைத்திருக்கிறேன், டப்பாவைத் திறப்பதற்கு முன்பே இது உன் கையில் வந்துவிடும் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன், முதலில் சாப்பிடு. கத்திரிக்காய்க் குழம்பும் முட்டையும்தான். படித்த பிறகு சோறு இறங்காது, அதனால்தான் சொல்கிறேன். உன் அம்மா வாயைத் திறந்தால் மூடமாட்டாள், பேனாவும் அப்படித்தான், நாலு பக்கமாவது போகும். சாப்பிட்டு, கை கழுவி, தண்ணீர் குடித்து, அப்புறம் ஒரு நிழலில் உட்கார்ந்து படி. நிழல் என்று சுலபமாக எழுதிவிட்டேன். நீ உட்காரும் இடத்தில் நிழல் இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆமாம் தம்பி, எனக்குத் தெரியும். உனக்கு வேலை போய்விட்டது என்று தெரியும். காலையில் ஷூ போட்டு, தலை வாரி, ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறி நீ போவது ஆபீசுக்கு இல்லை என்று தெரியும். உன்னைப் பெற்ற அத்தாவிடம் சொல்லவில்லை. நீ கட்டிக்கப்போகிற நஸ்ரினிடமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததுதான் இப்போது என்னைப் போட்டு அறுக்கிறது. முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்கத்தான் வந்தேன். ஒரு தடவை, நான் வாயைத் திறப்பதற்குள் "டீ சூப்பரா இருக்கும்மா, இன்னா போட்ட?" என்று பேச்சைத் திருப்பிவிட்டாய். என் டீயை நீ எந்தக் காலத்தில் சூப்பர் என்று சொல்லியிருக்கிறாய்? இன்னொரு தடவை அத்தா கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். கல்யாண நாள் நெருங்கிக்கொண்டே இருக்கிறது. அதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

யார் போட்டுக்கொடுத்தார்கள் என்று யோசிக்காதே. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் டோம்தான் சொன்னது. கட்டை கட்டையாக அடுக்கி நீ கட்டுகிறாயே, அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் நாம் இரண்டு பேர் மட்டும் போய்வருகிற அந்த உலகத்தில் நிற்கிறதே, அந்தக் குவிமாடம்.

அந்த விளையாட்டுக்குள் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஊரடங்கு காலம். உனக்குக் காலேஜ் எல்லாம் லேப்டாப்பில்தான். என்னிடம் எம்பிராய்டரி கற்க வந்த பெண்களும் நின்றுவிட்டார்கள், நான் தனியாகக் கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் ரோஜாப்பூ போட்டுக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "பேஜாரா கீதும்மா, வட்டமே வர மாட்டேங்குது" என்று லேப்டாப்பை அடிக்காத குறையாகக் கத்தினாய். எட்டிப் பார்த்தேன். ஏதோ படிக்கட்டை வளைத்துவைத்த மாதிரி ஒன்று நின்றது. அதைப் பள்ளிவாசல் டோம் என்றாய், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு கூர்ந்து பார்த்தால், அட, இது நம் கிராஸ் ஸ்டிச்! கட்டம் போட்ட துணியில் வளைவு என்று ஒன்று கிடையாதே, எல்லாம் சதுரம்தானே. ரோஜாவின் இதழ் உருண்டையாகத் தெரிகிறது என்றால், மேலே நீளமாக ஒரு வரிசைத் தையல், அடுத்தது கொஞ்சம் குட்டை, அடுத்தது இன்னும் குட்டை, ஓரம் திரும்பும் இடத்தில் ஒற்றை ஒற்றையாக, பிறகு அதே கணக்கு நிமிர்ந்து நின்று கீழே இறங்கும். மேட்டி துணியை உன் மடியில் போட்டு "இத மாதிரி வெச்சுப் பாருடா" என்றேன். வைத்தாய். வட்டம் வந்தது. நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நீ முதல் வகுப்பில் பாஸான அன்றுகூட எனக்கு அப்படி ஒரு பெருமை இல்லை.

வட்டம் வந்துவிட்டது, டோம் வரவில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே அளவு குறைத்துக்கொண்டே போனாய், அது கூம்பாகிவிட்டது, கோமாளித் தொப்பி மாதிரி. அன்றைக்குக் குருமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாதி வெங்காயத்தைக் கவிழ்த்துவைத்து, கீழேயிருந்து வில்லை வில்லையாக நறுக்கி வரிசையாக உன் முன்னால் அடுக்கினேன். கீழ் வில்லைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. மேலே போகப் போகத்தான் மளமளவென்று சிறுத்துப்போகிறது. "அட ஆமாம்மா! அடியில அவசரப்படக் கூடாது" என்று நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அத்தா அந்தப் பக்கம் வந்து "இன்னாடி இது, அம்மாவும் புள்ளையும் வெங்காயத்த வெச்சு ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறீங்க, குருமா எப்ப வரும்?" என்றார். அந்த வாரமே நீ பழைய டேப்லெட்டில் எனக்கும் ஒரு ஆளை உருவாக்கிக் கொடுத்தாய், மஞ்சள் சேலை கட்டினாற்போல ஒரு பொம்மை. உயரத்தில் விளிம்போரம் நிற்கும்போது குனிந்தபடியே நட, அப்போதுதான் விழமாட்டாய் என்று சொல்லிக்கொடுத்தாய். அன்றிலிருந்து உன் டோமுக்கு உள்ளே விளக்கு வைப்பதும், தரையில் கோலம்போல ஓடு பதிப்பதும் என் வேலை.

எல்லாம் சொல்லிவிட்டு அந்தச் சின்ன டோம் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. நீரூற்றுக்குப் பக்கத்தில் கட்டினாயே, அது. நோன்பு மாதத்தில், ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அசர் தொழுகைக்கும் மக்ரிப் தொழுகைக்கும் நடுவில் பசி தெரியாமலிருக்கக் கட்டினாய். முடித்தேவிட்டாய். உச்சியில் பிறை வைக்கப்போனால் நடுவே இல்லை. அகலத்தை இரட்டைப்படையில் ஆரம்பித்துவிட்டாயாம், அதனால் நடு என்பது இரண்டு கட்டைக்கும் இடையில் உள்ள கோட்டில் விழுகிறதாம். ஒற்றைப்படையில் ஆரம்பித்திருந்தால்தான் நட்டநடுவில் ஒரு கட்டை இருக்குமாம். நான் சொன்னேன், "ஒரு பக்கம் தள்ளி வெச்சிடுடா, அவ்ளோ ஒசரத்துல யாருக்குத் தெரியப் போவுது?" நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாய், "எனக்குத் தெரியுமேம்மா." சொல்லிவிட்டு மொத்தத்தையும் இடித்தாய். அஸ்திவாரம் வரைக்கும். எனக்கு மனசே கேட்கவில்லை, எழுந்து போய்விட்டேன். பெருநாள் கழிந்து ரொம்ப நாள் கழித்து அது மறுபடி எழுந்தது, நட்டநடுவில் பிறையோடு.

நிச்சயம் முடிந்த பிறகு நீ பெரிய மண்டபத்தை ஆரம்பித்தாய். கல்யாணத்தன்று நஸ்ரினுக்குக் காட்ட வேண்டும், அதற்குள் டோம் முடிய வேண்டும், அவளிடம் மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கட்டுவேன், மற்ற நாள் ஆபீசில் பிழிந்து எடுத்துவிடுகிறார்கள் என்றாய். சரி என்று நானும் விளக்கு வைக்க மட்டும் போய்வந்துகொண்டிருந்தேன். மழை விட்ட வாரத்தில், ஒரு நாள் காலையில் நீ கிளம்பின பிறகு மேல் அடுக்கில் விளக்கு வைத்துவிட்டு வந்தேன். மதியம் பெண்கள் வகுப்பு முடிந்து போன பிறகு போனால் என் விளக்குகள் கீழ் அடுக்கில் நிற்கின்றன, அதற்கு மேல் புதிதாகச் சில வளையங்கள் ஏறியிருக்கின்றன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எவனோ நம் உலகத்துக்குள் நுழைந்துவிட்டான் என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று மறுநாள் வகுப்பில் பெண்களுக்கு ஆளுக்கொரு தையலைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, உள்ளறையில் டேப்லெட்டைத் திறந்தேன்.

நீ இருந்தாய். உச்சிக்குப் பக்கத்தில், விளிம்பில், எனக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அதே மாதிரி குனிந்துகொண்டு ஒவ்வொரு கட்டையாக வைத்துக்கொண்டிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு உன் பக்கம் ஏறி வந்தேன். அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் மதியம்கூட ஆகவில்லை. நீ ஆபீசில் இருக்க வேண்டிய நேரம். அதற்குள் உன் பொம்மை திரும்பி என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இல்லை. நீ வெளியேறிவிட்டாய் என்று ஓரத்தில் எழுத்து ஓடியது. என் மஞ்சள் சேலைப் பொம்மை மட்டும் அவ்வளவு உயரத்தில் தனியாக நின்றது. சாயங்காலம் நீ வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே "இன்னிக்கு செம வேலைம்மா, தல தூக்க முடியல" என்றாய். நான் டீ போட்டேன். நீயும் தெரியாத மாதிரி, நானும் தெரியாத மாதிரி.

லீவு போட்டிருப்பான், ஆபீசில் கம்மி வேலையாக இருக்கும் என்று எனக்கு நானே எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகு உன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு போவாயே, அந்த நீல நாடா. எப்போதும் ஆபீஸ் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறவன் நீ, அதனால் நாடா மட்டும்தான் வெளியே தெரியும். பையில் கையை விட்டால் நாடா வந்தது, அதன் முனையில் கொக்கி வந்தது, கொக்கியில் ஒன்றுமில்லை. அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வெறும் நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அத்தாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, தினமும் நீ வாசலைத் தாண்டிப் போயிருக்கிறாய். துணி துவைக்கிற கல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் அந்த நாடாவையும் சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, திரும்ப உன் பையில் வைத்தேன். என்ன பைத்தியக்காரத்தனம் பார்.

நான் பார்த்துவிட்ட அந்த நாளிலிருந்து நீ பகலில் அங்கே வருவதே இல்லை. டோம் உச்சி மூடாமல் அப்படியே நிற்கிறது. அங்கே மழை வந்தால் மண்டபத்துக்குள் என் கோலத்தின்மேலேயே பெய்கிறது. இது எனக்கு முன்னதைவிடப் பெரிய பயமாகிவிட்டது. முன்னேயாவது, இந்நேரம் எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்து போனில் கட்டிக்கொண்டிருக்கிறான், கையில் ஒரு வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அதுவும் போயிற்று. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்னடா செய்கிறாய்? ஒரு நாள் போன் போட்டபோது உன் பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் "கேளம்பாக்கம், கேளம்பாக்கம்" என்று கூப்பிடுவது கேட்டது, நீ "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று ரகசியக் குரலில் சொன்னாய். அந்த வெயிலில் நின்றுகொண்டு மீட்டிங் என்று சொல்ல உனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த டப்பாவை எங்கே வைத்துத் திறக்கிறாய்? பஸ் ஸ்டாப்பிலா, ஏதாவது கோயில் குளத்துப் படியிலா, கடற்கரையிலா? சோற்றைப் பிசையும்போது யாராவது பார்த்தால் திரும்பிக்கொள்கிறாயா? ராத்திரி படுத்தால் இதுதான் வருகிறது, வேறு ஒன்றும் வருவதில்லை.

வேலை போனதற்காக நான் உன்மேல் கோபப்படவில்லை. அதை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள். கூட்டத்தோடு கூட்டமாக அனுப்பியிருப்பார்கள், இந்தத் தெருவிலேயே இப்படி வீட்டுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் லுங்கியைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறார்கள், யாரும் அவர்களைக் கடித்துத் தின்னவில்லை. வேறு வேலை கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். என் வயிறு எரிவது வேறு இரண்டு விஷயத்துக்கு.

ஒன்று, பத்திரிகை. நேற்று அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது, நீயும் வாட்ஸ்அப்பில் பார்த்தாய். நம் ஜனங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை என்றால் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே படிப்பும் வேலையும் போட்டாக வேண்டும், இல்லையென்றால் ஏதோ குறையுள்ள பிள்ளை என்று நினைப்பார்கள். உன் பெயர், அதற்குக் கீழே பி.இ., அதற்குக் கீழே மென்பொருள் பொறியாளர், கம்பெனி பெயர். அத்தா குரோம்பேட்டைக் கடையிலேயே, தைத்துக்கொண்டிருந்த பைக் சீட்டு உறையைத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தாராம். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் நீட்டினார். "இன்னாடி இது, கம்பெனி பேரு எறும்பு மாதிரி கீது? என் சிநேகிதனுங்கல்லாம் கண்ணு தெரியாதவனுங்க. பெருசா போடச் சொல்லு." அவரே போனில் உனக்கு அனுப்பி, சரியா என்று கேட்டார். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினாய். அவ்வளவுதான், ஒரு கட்டைவிரல். அத்தா அதை எனக்குக் காட்டி "புள்ள ஓகே சொல்லிட்டான்" என்று சிரித்தார். உன் தகப்பன் சிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான், அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அடிக்கக் கொடுக்கலாம் என்று ஏதோ சாக்கு சொல்லி மாதிரியை வாங்கி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, நஸ்ரின். நேற்று போன் பண்ணினாள். தன் மாமியாராக வரப்போகிறவளிடம் பேசுவது போலவா பேசுகிறாள் அந்தப் பெண், கூடப் பிறந்தவளிடம் பேசுவது போல அல்லவா பேசுகிறாள். தாம்பரத்தில் அவள் வேலை செய்யும் லேப் பற்றி முன்னொரு நாள் எவ்வளவு சொன்னாள்! ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காத வயதானவர்கள் எல்லாம் அந்தப் பொண்ணு வரட்டும் என்று அவளுக்காகவே காத்திருப்பார்களாம். நேற்று சொன்னது வேறு. "மாமி, திங்கக்கிழமை லேப்ல லெட்டர் குடுத்துடறேன். கேளம்பாக்கம் பக்கம் வீடு பாத்தா அவருக்கு ஆபீஸ் கிட்ட. நான் அங்கேருந்து டெய்லி தாம்பரம் வர முடியாது. பரவால்ல, அங்க போய் வேற லேப் தேடிக்கறேன். அவரு பாவம், எவ்ளோ தூரம் அலையறாரு." கேட்டாயா? நீ அலைகிறாய் என்று அவள் வேலையை விடப்போகிறாள். இல்லாத ஆபீசுக்குப் பக்கத்தில் குடியிருக்க, இருக்கிற வேலையை விடப்போகிறாள். வேண்டாம்மா, கொஞ்சம் பொறு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "சரிம்மா" என்றேன். போன வாரம் அவள் அம்மா, மாப்பிள்ளை போன் எடுக்கவில்லையே என்று கேட்டபோதும் "மீட்டிங்ல இருப்பான் சம்மந்தி, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்று தடங்கலே இல்லாமல் என் வாயில் வந்தது. உன்னிடமிருந்து கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? வெட்கம் தம்பி. கல்யாணம் நின்றுபோனால் பல்லாவரம் சம்மந்தி வீட்டார் முகத்தில் எப்படி முழிப்பது, தெருவில் எப்படி நடப்பது என்ற வெட்கம். அந்தப் பெண்ணின் பிழைப்பைவிட என் வெட்கம் பெரிதாகப் போய்விட்டது. நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நிக்காஹ் அன்று ஆண்கள் எல்லாம் வெளியே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், உள்ளே நடப்பது உங்களுக்குத் தெரியாது. பெண்ணின் சார்பில் பேசுகிற வக்கீலும் சாட்சிகளும் பெண் இருக்கும் அறைக்கு வருவார்கள். இன்னாருடைய மகன் இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்க உனக்குச் சம்மதமா என்று கேட்பார்கள். அறையில் ஒரு சத்தம் இருக்காது. என்னைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் தோளை அழுத்தின பிறகுதான் சம்மதம் என்றேன். ஆனால் தெரிந்துதான் சொன்னேன். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்குச் சொந்தக் கடை இருக்கிறது என்று தரகர் அளந்துவிட்டார். உன் அத்தா மறுநாளே ஆள் அனுப்பினார், கடை என்னுடையது இல்லை, நான் அங்கே கூலிக்குத் தைக்கிறவன், அதைப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள் என்று. என் வீட்டில் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனதே அந்த ஒரு வார்த்தையில்தான். கடையில்லாத மனுஷனுக்குத்தான் நான் சம்மதம் சொன்னேன், கடை பிறகு வந்தது. நஸ்ரின் யாருக்குச் சம்மதம் சொல்லப்போகிறாள்? பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற ஒருவனுக்கா? அவன் எங்கேடா இருக்கிறான்?

சொன்னால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நான் உன்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்ல மாட்டேன், சொல்லிவிடலாம். அவள் ஒத்துக்கொண்டாலும் அவள் அத்தா ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நம் வீட்டில் இடி விழுந்த மாதிரி இருக்கும், உன் அத்தா நாலு நாள் யாரோடும் பேச மாட்டார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டி முடித்த டோமை ஒரு கட்டை நடுவில் இல்லை என்று அஸ்திவாரம் வரை இடித்தவன் நீ. யாருக்குத் தெரியும் என்று கேட்ட என்னிடம், எனக்குத் தெரியுமே என்றவன் நீ. அந்தப் பிள்ளையைத்தான் நான் கூப்பிடுகிறேன். அவன் எங்கேயும் போயிருக்க மாட்டான்.

நேற்று நஸ்ரினிடம் பேசி முடித்த பிறகு, மனசு கேட்காமல் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். டோமைக் கட்ட ஏறி இறங்க நீ வைத்திருந்த மண் தூண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. இதெல்லாம் இருப்பதால்தான் நிற்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். ஒன்றை உடைத்தேன். இன்னொன்றை உடைத்தேன். கடைசியில் உச்சிப் பக்கத்து வளையத்துக்குக் கீழே இரண்டு கட்டைகளையும் எடுத்துவிட்டேன். ஒன்றும் விழவில்லை. கீழே ஒரு பிடிமானம் இல்லாமல் மேலே உள்ளது அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. நீ முதலிலேயே சொல்லியிருக்கிறாய், இங்கே எதுவும் விழாதும்மா என்று, நான்தான் மறந்துவிட்டேன். விழுந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. எடுத்த இரண்டு கட்டைகளையும் திரும்ப வைத்துவிட்டு வந்தேன், நீ திட்டுவாய் என்று.

அதனால் இப்போது சொல்வதைக் கேள். திங்கட்கிழமை அந்தப் பெண் லேபில் கடிதம் கொடுப்பதற்குள் நீயே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். போனில் வேண்டாம், நேரில் போ. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் பல்லாவரம் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்வேன். மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. பத்திரிகை மாதிரி என் தலையணைக்குக் கீழே இருக்கிறது, அதில் எந்த வரியை அடிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், உன் கையாலேயே அடி. அவளிடம் சொல்லும்போது காரணம் அடுக்காதே. எப்போது போனது, ஏன் மறைத்தாய், இன்னும் எங்கெங்கே வேலை கேட்டிருக்கிறாய், அவ்வளவுதான். அவள் அழுதால் அழட்டும், நடுவில் பேசாதே. எழுந்து போனால் விடு.

அத்தாவிடம் சொல்லத்தான் உனக்கு உயிரே போகும், எனக்குத் தெரியும். அதற்கு நான் ஒன்று செய்திருக்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை. அவர் கடையைச் சாத்திவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போய், வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவார். நாளைக்கு நான் உனக்கு டப்பா கட்ட மாட்டேன். இத்தனை நாள் நீ ஆபீசுக்குப் போகிறாய் என்று இந்த வீடு நம்பியதில் பாதி இந்த டப்பாவால்தான், அதைக் கட்டியது நான். இனி கட்ட மாட்டேன். காலையில் ஷூ போடாதே, அந்த வெறும் நாடாவையும் மாட்டாதே. அவரோடு பள்ளிவாசலுக்குப் போ, அவரோடு திரும்பி வா. வழியிலேயே கேட்பார், "இன்னாடா, இன்னிக்கு லீவா?" என்று. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீ உண்மையைச் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், அவர் கத்தினால் நானும் கத்துவேன், எனக்கென்ன வாயில்லையா? மூன்று தட்டு எடுத்து வைக்கிறேன். நிழலில், ஃபேனுக்குக் கீழே, உன் வீட்டில் உட்கார்ந்து பகல் சோறு சாப்பிடு, எவ்வளவு நாள் ஆயிற்று.

இன்றைக்கு டப்பாவை அங்கே எங்கேயாவது மறந்து வைத்துவிடாமல் எடுத்துக்கொண்டு வா. கழுவிப் பரணில் ஏற்ற வேண்டும்.

அம்மா